சந்தகை விருந்தும் நிற்காத பஸ்ஸும்

கோயமுத்தூருக்கு நாங்கள் போனது ஒரு கிரைண்டர் வாங்க. ஈப்போவில் எங்களுக்கு இட்லி மாவு அரைத்து விற்கும் சிறிய கடை. பழைய கிரைண்டரின் கல் தேய்ந்து, மாவில் பருக்கை தட்டத் தொடங்கியிருந்தது. மலேசியாவிலேயே வாங்கியிருக்கலாம். ஆனால் ஒரு பொருளை அது செய்யப்படுகிற ஊரில் போய்த் தொட்டுப் பார்த்து வாங்கினால்தான் என் கணவர் குணாவுக்கு மனம் ஆறும். எனக்கோ கடையைப் பூட்டிவிட்டு ஊர் சுற்றுவதே பெரிய சாகசம். கிளம்பும்போது என் கவலை ஒன்றுதான்: கப்பலில் அனுப்பினால் கல் உடையாமல் வந்து சேருமா. திரும்பி வரும்போது கல்லைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.

புதன்

காந்திபுரத்தில் அறை. சன்னலைத் திறந்தால் பஸ் நிலையம்; மூடினாலும் பஸ் நிலையம். இங்குள்ள தனியார் டவுன் பஸ்கள் கல்யாண மண்டபம் போல் அலங்கரித்துக்கொண்டு, பாட்டை அலறவிட்டுக்கொண்டு வருகின்றன. ஈப்போவில் பஸ் வருவது தெரிவதற்கு எட்டிப் பார்க்க வேண்டும். இங்கே பஸ் வருவது தெரியாமல் இருக்க வேண்டுமானால்தான் முயற்சி தேவை.

குளித்து, துணிகளை அலமாரியில் அடுக்கி, பாஸ்போர்ட்டுகளைப் பையின் உள்ளறையில் வைத்த பிறகு சாப்பிடக் கீழே இறங்கினோம். பரிமாறுகிறவர் ஒவ்வொரு இட்லிக்கும் அனுமதி கேட்டார். "இன்னொண்ணு வெக்கட்டுங்களா? சட்டினி ஊத்தட்டுங்களா? சாம்பார் போதுமுங்களா?" எங்கள் ஊரில் மரியாதை தேவைப்படுகிற இடத்தில் மட்டும் 'ங்க' போடுவோம். இங்கே அது உப்பு மாதிரி எல்லாவற்றிலும் இருக்கிறது. கடை வாசலில் ஒருவர் தெருநாயை "அக்கட்ட போங்க சாமி" என்று விரட்டியதை என் காதால் கேட்டேன்.

சண்டையிலும் அப்படித்தான். ஓர் ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் உரசிக்கொண்டன.

"கண்ணு தெரியுதுங்களா இல்லீங்களா?" என்றார் ஆட்டோக்காரர்.

"எனக்குத் தெரியுதுங்க. உங்களுக்குத்தான் மூளை இருக்குதான்னு தெரியலீங்க," என்றார் மற்றவர்.

"வார்த்தைய அளந்து பேசுங்க."

"நீங்க மொதல்ல வண்டிய எடுங்க."

குணா ஏமாந்துபோய்விட்டார். அடி விழும் என்று எதிர்பார்த்துக் காப்பியைக்கூடக் குடிக்காமல் நின்றிருந்தார். காப்பி ஆறிவிட்டது. ஆறியும் நன்றாக இருந்தது. ஈப்போவின் வெள்ளைக் கோப்பிக்குப் பழகிய நாக்கு எனக்கு. ஆனாலும் இரண்டாவது டம்ளர் கேட்டேன். தண்ணீரையும் குறிப்பிட வேண்டும். சிறுவாணித் தண்ணீர் என்று சொல்லிக் கொடுத்தார்கள். சொன்னவரின் முகத்தில், தானே மலையேறிச் சுமந்து வந்த பெருமை இருந்தது.

வியாழன்

கணபதி என்கிற பகுதியில் நாச்சிமுத்துவின் கிரைண்டர் பட்டறை. சத்தி சாலையை எங்கெங்கோ தோண்டிப் போட்டிருந்ததால் ஆட்டோ சந்து சந்தாகப் புகுந்து போனது. நாச்சிமுத்துவுடன் பல மாதங்களாகத் தொலைபேசியில் பேசியிருந்தோம். குரலை வைத்து நான் ஓர் ஒல்லியான மனிதரை நினைத்திருந்தேன். அகன்ற தோள்களும் நரைத்த மீசையும் தோளில் துண்டுமாக அறுபதைத் தாண்டிய ஒருவர் வாசலுக்கே வந்து, "வாங்க தம்பி, வாங்க அம்மணி. பிளேன்ல சாப்பாடெல்லாம் போட்டாங்களா?" என்று கேட்டார்.

கிரைண்டரைத் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டுக் காட்டினார். குணா சத்தத்தைக் கேட்டார், கல்லைத் தடவினார், கவிழ்க்கும் பிடியை இழுத்துப் பார்த்தார். நான் மோட்டாரின் மின்சார விவரங்களை எங்கள் ஊருக்கு ஒத்துவருமா என்று சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அத்துடன் வேலை முடிந்திருக்க வேண்டும். ஆனால் நாச்சிமுத்து எங்களை வியாபாரத்தோடு விடுவதாயில்லை.

"இத்தனை தூரம் வந்துபோட்டு ஊட்டுக்கு வராமப் போனா எப்படீங்க? நாளைக்குக் காலைல சந்தகை. சரசுகிட்டச் சொல்லிப்போட்டேன்."

சரசு என்கிற சரஸ்வதி அவருடைய மனைவி. வீடு கோவில்பாளையத்தைத் தாண்டி, சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சிற்றூரில். மகள் கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள். வீட்டில் இருவர் மட்டும். ஒறம்பரை, அதாவது விருந்தாளிகள், வந்து ரொம்ப நாளாகிறதாம். மறுக்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

வெள்ளி

சந்தகை என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு இப்படிச் சொல்லலாம். ஈப்போவில் சைக்கிளில் கூவிக்கொண்டு வருகிற புத்து மாயாமுக்கு, அதாவது இடியாப்பத்துக்கு, அது அண்ணன். நாம் மாவைப் பிழிந்து பிறகு வேகவைக்கிறோம். இவர்கள் மாவை இட்லியாக வேகவைத்து, ஆவி பறக்கும்போதே பிழிகிறார்கள். வெந்த மாவு லேசில் இறங்காது. அதற்காக மூன்று கால் வைத்த இரும்பு மிஷின் ஒன்று. மேலே திருகுகிற நீளக் கைப்பிடி. சுடச்சுடத் திருக வேண்டும், நிறுத்தினால் இறுகிவிடும். சமையலறை வேலைகளில் இந்த ஒன்று மட்டும் ஆண்களுடையது என்றார் சரஸ்வதி.

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிஷினின் காலை மிதித்துக்கொண்டு நின்றார். முதலில் குணாவைத் திருகச் சொன்னார். குணா பாதி சுற்றுக்கு மேல் போக முடியாமல் நின்றுவிட்டார்.

"அம்மணி, மலேசியாவுல தம்பிக்குச் சோறு போடறதில்லீங்களா?"

"மாவு விக்கிறவரு, மாவு பிழியத் தெரியாதுங்க," என்றேன்.

பிறகு அவரே திருகினார். வெள்ளை நூல்கள் மல்லிகைச் சரம் மாதிரி தட்டில் இறங்கின. முதல் ஈடு தேங்காய்ப்பாலுக்கு. அடுத்த ஈடு எலுமிச்சை தாளிப்பதற்கு. இரண்டாவது ஈடு பிழியும்போது அவர் கையை மாற்றினார். இடது கையால் திருகிக்கொண்டிருந்தவர் நிறுத்தி, அந்தத் தோளைத் தேய்த்துவிட்டு, வலது கையால் மறுபடி ஆரம்பித்தார். முகம் முழுக்க வேர்வை. அடுப்பு, ஆவி, இரும்பு மிஷின், எனக்கே வேர்த்தது. யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

"போன வருசமே டாக்டரு இவருக்குக் கொழுப்பு இருக்குதுன்னு சொன்னாங்க. நடங்கன்னா கேக்கறதில்லை," என்றார் சரஸ்வதி.

"எனக்குக் கொழுப்புன்னு நீ சொல்லாத நாளுண்டா?" என்றார் அவர்.

மூன்றாவது ஈட்டைப் பிழிந்த பிறகு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே எங்கள் இலைகளைக் கவனித்தார். பாலும் வெல்லமும் ஊற்றிய சந்தகை, எலுமிச்சை, பிறகு எள்ளுப் பொடி. போதும் என்று கையை மறித்தால் கைமேல் விழும்போல இருந்தது. "நீங்க சாப்பிடலையா?" என்று கேட்டேன். "ஒறம்பரை சாப்ட்டுட்டுத்தானுங்க," என்றார். தாடையைத் தடவிக்கொண்டார். பல்வலி போலும் என்று நினைத்தேன்.

புறப்பட்டோம். சரஸ்வதி அடுப்படியில் நின்றார். நாச்சிமுத்து எங்களை பஸ் ஏற்றிவிட வந்தார். வேண்டாமென்று சொல்லிப் பார்த்தோம். வாசலோடு வழியனுப்புவது இங்கே வழக்கமில்லை. பஸ் புறப்பட்டு மறைகிற வரைக்கும் நின்றால்தான் வழியனுப்பியதாகக் கணக்கு. வழியில் நின்று நின்று நடந்தார். ஓரிடத்தில் நின்று பக்கத்துத் தோட்டத்துச் சோளத்தட்டைக் காட்டினார். கொஞ்ச தூரம் போய் ஒரு பள்ளிக்கூடத்தைக் காட்டினார். அப்புறம் ஒரு டிரான்ஸ்பார்மரைக் காட்டினார். டிரான்ஸ்பார்மரில் பார்க்க என்ன இருக்கிறது என்று அப்போதாவது நான் யோசித்திருக்கலாம். அவர் மூச்சு வாங்கத்தான் நின்றிருக்கிறார். வலி இருக்கும்போது விருந்தாளியிடம் சொல்வது மரியாதையில்லை என்று நினைத்திருக்கிறார். கைவலி மிஷின் திருகியதால் வந்தது என்று தன்னையும் நம்பவைத்துக்கொண்டிருக்கிறார்.

பஸ் வந்தது. கூட்டம் இருந்தது. எங்களுக்கு இடம் பிடிக்க அவரே முன்னால் ஏறி, காலியாக இருந்த இருக்கையில் துண்டைப் போட்டார். துண்டின் மேலேயே உட்கார்ந்தார். நாங்கள் பின்னால் ஏறினோம். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது.

"ஏனுங்கண்ணா, நீங்களும் வர்றீங்களா?" என்று கண்டக்டர் கேட்டார். செந்தில் என்று பெயர். தினமும் அந்த வழியில் ஓடுகிறவர், நாச்சிமுத்துவைத் தெரிந்தவர்.

"இந்தா, எறங்கிக்கறனுங்க," என்றார் நாச்சிமுத்து. ஆனால் எழவில்லை. என்னைப் பார்த்து, "உக்காருங்க அம்மணி," என்றார். உட்காருவதற்கான இடத்தில் அவரே இருந்தார்.

எங்களுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். ஈப்போவில் எங்கள் அடுத்த வீட்டார் தெலுங்குக்காரர்கள், அதனால் எனக்குப் புரியும். கல்யாணப் புடவையின் கரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்களில் மூத்தவர் நடுவில் நிறுத்திச் சொன்னார்: "அந்த மனுசனைப் பார். எறங்க மனசில்லாம உக்காரலை. எந்திரிக்க முடியலை."

நான் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறமாக இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கை தொட்டால் குளிர்ந்தது. பஸ்ஸுக்குள் அடுப்பில்லை, ஆவியில்லை.

கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்து அவசர எண்ணை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். குணா எட்டிப் பார்த்து, "அது நம்ம ஊரு நம்பர்," என்றார். ஐம்பது வருடப் பழக்கம். விரல் தானாக 999-க்குப் போயிருந்தது. அதற்குள் செந்தில் தன் தொலைபேசியில் நூற்றெட்டைக் கூப்பிட்டுவிட்டார்.

பேசி முடித்தவர் ஓட்டுநருக்கு விசில் கொடுத்தார். ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. இது இரண்டுமில்லை. நிறுத்தாமல் ஊதினார். முதலில் பாட்டு நின்றது. பிறகு பஸ்ஸின் வேகம் மாறியது.

"ஆம்புலன்ஸ் டவுன்ல இருந்து வருதுங்க," என்று செந்தில் உரக்கச் சொன்னார். "ரோடு தோண்டுன எடத்துக்கு அக்கட்ட மாட்டிக்குவாங்க. நாம நின்னா அவங்க வந்து சேர முடியாதுங்க. டவுனுக்குப் போற பக்கம் ரோடு தெறந்திருக்குது, நாம போயி தோண்டுன எடத்துக்கு அக்கட்ட இருக்கற பெட்ரோல் பங்குல குடுத்துப்போடலாம். நடுவுல எங்கயும் நிக்காதுங்க."

ஒரு நிறுத்தம் பின்னால் போனது. அங்கே கைகாட்டியவர்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். வெள்ளை வேட்டி கட்டிய ஒரு முதியவர் எழுந்தார்.

"நான் அங்க எறங்கணுமுங்க. கல்யாணமுங்க எனக்கு."

"உங்களுக்காங்க?" என்றார் செந்தில்.

"எம்பட அண்ணன் பேரனுக்குங்க."

"அவரு கட்டிக்குவாருங்க. நீங்க பந்திக்குப் போயிரலாம். உக்காருங்க."

முதியவர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வைத்தியம் சொல்ல ஆரம்பித்தார். "வாய்வுங்க. வேற ஒண்ணுமில்லை. ஒரு சோடா குடுத்தா ஏப்பம் வந்து செரியாப்போயிரும்." யாரோ நிஜமாகவே பையிலிருந்து ஒரு சோடா பாட்டிலை எடுத்தார்கள்.

"வாய்வுக்கு இப்படி வேர்க்குமாங்க?" என்று அந்தத் தெலுங்கு பேசிய பெண் தமிழில் கேட்டார். "ஏனுங்க பெரியவரே, சோடாவ நீங்க குடிங்க. அவருக்கு ஒண்ணும் குடுக்காதீங்க." பிறகு இருக்கையைக் காலி செய்து, நாச்சிமுத்துவைச் சாய்த்து உட்காரவைத்து, சட்டைப் பொத்தான்களைத் தளர்த்தினார்.

அடுத்து எந்த ஆஸ்பத்திரி என்ற விவாதம். கோயமுத்தூரில் ஆளுக்கொரு ஆஸ்பத்திரி இருக்கிறது. சொந்தக் குலதெய்வம் மாதிரி. "எங்க மச்சானுக்கு அங்கதான் ஸ்டென்ட் வெச்சாங்க, இப்பத் தென்னை மரம் ஏறறாரு" என்றார் ஒருவர். "அங்க தெரிஞ்ச ஆளு இல்லாமப் போனா ஒக்கார வெச்சே கொன்னுபோடுவாங்க" என்றார் இன்னொருவர். எல்லோரும் அக்கறையோடுதான் பேசினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

நாச்சிமுத்து கண்ணைத் திறந்து, "எல்லாருக்கும் சிரமங்க," என்றார். செந்தில் அவருடைய சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்து வீட்டுக்கு அழைக்கப் போனபோது தடுத்தார். "சரசு இன்னும் சாப்பிடலீங்க. சாப்பிட்டப்பறம் சொல்லுங்க." செந்தில் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

பெட்ரோல் பங்க்கில் ஆம்புலன்ஸ் எங்களுக்கு முன்பே வந்து, முகத்தை ஊர்ப் பக்கம் திருப்பி நின்றது. ஸ்ட்ரெச்சர் பஸ் வாசலில் திரும்பவில்லை. நான்கைந்து பேர் அவரைக் கைகளில் ஏந்தி இறக்கினார்கள். கல்யாண முதியவர் தலையைத் தாங்கினார். நாங்கள் ஆம்புலன்ஸில் ஏறியதும் பஸ் தன் பாட்டைப் போட்டுக்கொண்டு காந்திபுரத்துக்குக் கிளம்பியது.

ஈப்போவில் இது நடந்திருந்தால் பஸ் ஓரமாக நின்றிருக்கும். ஓட்டுநர் விதிப்படி தகவல் சொல்லியிருப்பார். நாங்கள் எல்லோரும் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்போம். அங்கே சாலை தோண்டப்பட்டிருக்காது, ஆம்புலன்ஸ் நின்ற இடத்துக்கே வந்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஆம்புலன்ஸில் இருந்த ஊழியர் ஓர் இளம்பெண். நாச்சிமுத்துவின் மார்பில் ஒயர்களை ஒட்டிக்கொண்டே பேசினார். ஒரு மாத்திரையைக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னார். இதய வரைபடத்தைப் படமெடுத்துத் தொலைபேசியில் யாருக்கோ அனுப்பினார். பிறகு கேட்டார்:

"அய்யா, வலி எப்பங்க ஆரம்பிச்சுது?"

"இப்பத்தானுங்க, பஸ்ல."

"இல்லீங்க," என்றேன் நான். ஒரு காரியத்துக்குப் பின் எது நடந்தது என்று வரிசையாக ஞாபகம் வைத்திருப்பது என் சுபாவம். கடையில் எல்லோரும் கேலி செய்வார்கள். "முதல் ஈடு பிழியும்போது நல்லா இருந்தாரு. இரண்டாவதில் கை மாத்தினாரு, தோளைத் தேய்ச்சாரு, அப்பவே வேர்த்தது. மூணாவதுக்கு அப்புறம் உட்கார்ந்துட்டாரு. நாங்க சாப்பிட்டு முடிச்சு, காப்பி குடிச்சு, அரட்டையடிச்சு, அப்புறம்தான் நடந்து வந்தோம்."

அந்தப் பெண் நாச்சிமுத்துவைப் பார்த்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ரெண்டாவது ஈட்டுலதானுங்க," என்றார். "மிஷின் சுத்துனதுனாலன்னு நெனச்சேன்."

"அப்ப ரொம்ப நேரமாச்சுங்க," என்றார் அந்தப் பெண், ஓட்டுநருக்குக் கேட்கும்படி. சைரன் சத்தம் மாறியது.

ஆஸ்பத்திரியை அவர்தான் முடிவு செய்தார். "பெரியாஸ்பத்திரிங்க. அங்க அடைப்பு எடுக்கற லேப் இருக்குது. தகவல் சொல்லியாச்சு." பஸ்ஸில் விவாதிக்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் இந்த அரசு ஆஸ்பத்திரியை யாரும் சொல்லியிருக்கவில்லை.

வாசலில் பெருங்கூட்டம். தரையில் பாய், பாத்திரம், குழந்தைகள், ஆரஞ்சுத் தோல். ஆனால் ஸ்ட்ரெச்சர் வந்ததும் கூட்டம் தானாகப் பிளந்தது. உள்ளே போகும் கதவில் காவலர் எங்களை நிறுத்தினார்.

"நீங்க அவருக்கு யாருங்க?"

"கிரைண்டர் வாங்க வந்தவங்க," என்றார் குணா, உண்மையைத் தவிர வேறொன்றும் தெரியாதவர்.

"கிரைண்டருக்கெல்லாம் உள்ள விட முடியாதுங்க." எங்களை மேலும் கீழும் பார்த்தார். "கூட வேற யாரும் இல்லீங்களா? அப்ப நீங்கதான் கூட இருக்கறவங்க. வாங்க."

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளியை ஒப்படைத்துவிட்டால் நம் வேலை முடிந்தது. வெளியே குளிர்சாதன அறையில் காத்திருக்க வேண்டியதுதான். இங்கே 'கூட இருக்கறவங்க' என்பது ஒரு முழுநேர உத்தியோகம். ரத்தக் குப்பியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும், ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைத் தள்ள வேண்டும், பெயர் கூப்பிட்டால் உடனே நிற்க வேண்டும். குணா ஓடினார். நான் தாள்களை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு கதவருகே நின்றேன்.

மருத்துவரும் இளம்பெண்தான். படத்தைப் பார்த்தார், நாச்சிமுத்துவின் பக்கம் குனிந்தார்.

"அய்யா, ஹார்ட்டுக்குப் போற குழாய் ஒண்ணு முழுசா அடைச்சிருக்குதுங்க. மணிக்கட்டு வழியா உள்ள போயி அடைப்பை எடுத்துட்டு ஸ்டென்ட் வெக்கணும். இப்பவே செய்யணும். இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

நாச்சிமுத்து பேனாவை வாங்கிக்கொண்டார். போடவில்லை.

"ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றனுங்க. நமக்குத் தெரிஞ்ச டாக்டரு ஒருத்தரு இருக்காருங்க, அவருகிட்டயும்..."

"அய்யா, நேரமில்லீங்க."

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. சொல்லாமச் செஞ்சா அவ வருத்தப்படுவா."

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் நாச்சிமுத்துவின் தொலைபேசியில் சரஸ்வதியை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். சரஸ்வதி பக்கத்து வீட்டுக் காரில் வந்துகொண்டிருந்தார். விஷயத்தை நான் சொன்னேன்.

"ஏனுங்க," என்றார் சரஸ்வதி. குரல் நடுங்கவில்லை. "வலிய மறைக்கறப்ப என்னைக் கேட்டுட்டா மறைச்சீங்க? கையெழுத்தப் போடுங்க."

போட்டார். ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. கதவு மூடியது.

அந்தக் கதவின் முன்னால் நாங்கள் இருந்த நேரம்தான் இந்தப் பயணத்தில் நீளமானது. பக்கத்தில் அந்தியூரிலிருந்து கணவரைக் கொண்டுவந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முதலில் பக்கத்துக் கிளினிக்கில் வாய்வு என்று ஊசி போட்டார்களாம். பிறகு ஓர் ஆஸ்பத்திரி, அங்கே மிஷின் இல்லை; அங்கிருந்து இங்கே. "டவுன்லயே இருக்கறவங்க குடுத்து வெச்சவங்க," என்றார் என்னிடம். நான் எங்கிருந்து வந்திருக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்துப் பாதியை எனக்குக் கொடுத்தார்.

சரஸ்வதி வந்தார். கையில் தூக்குப்பை. என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்க மத்தியானம் ஏதாச்சும் சாப்ட்டீங்களா?" பைக்குள் எலுமிச்சைச் சந்தகை இருந்தது. பதறிக்கொண்டு கிளம்பிய நேரத்திலும் எங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறார். அவர் காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை என்பது எனக்கு நினைவு வந்தது.

நான் டப்பாவைத் திறந்து, மூடியில் சந்தகையை வைத்து, அவர் கையில் கொடுத்தேன். மாட்டேன் என்றார். "ஒறம்பரை சொன்னா கேக்கணுமுங்க," என்றேன், அவர்கள் பேச்சில். அவர் சாப்பிட ஆரம்பித்தார். சாப்பிடும்போதுதான் கண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டே சாப்பிட்டார். நிறுத்தவில்லை.

"நாச்சிமுத்து கூட யாருங்க?" என்று கூப்பிட்டார்கள். மூன்று பேரும் எழுந்தோம். மருத்துவர் முகக்கவசத்தைக் கீழே இழுத்தபடி வந்தார். "அடைப்பு எடுத்தாச்சுங்க. ரத்தம் ஓடுது. இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா கஷ்டமுங்க," என்றார். சரஸ்வதி கையெடுத்துக் கும்பிட்டார். எச்சில் கை என்பது நினைவுக்கு வந்ததும் அதைப் புடவையில் துடைத்துவிட்டு மறுபடி கும்பிட்டார்.

சனி

காலையில் பூரியும் கிழங்கும் சாப்பிட்டோம். நிதானமாக, இரண்டு காப்பியோடு. குணா மூன்று பூரிக்குப் பின் நிறுத்திக்கொண்டார். தன்னிச்சையாக அவர் நிறுத்தி நான் பார்த்ததில்லை. பிறகு பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தியூர்ப் பெண்ணை வராந்தாவில் காணவில்லை. வேறு வார்டுக்கு மாற்றியிருப்பார்கள் என்று குணா சொன்னார். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

நாச்சிமுத்து கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. வலது மணிக்கட்டில் கட்டு. திருப்பூரிலிருந்து மகள் வந்து மருந்து வாங்கப் போயிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழப் பார்த்தார். சரஸ்வதி ஒரே விரலால் அவரைத் திருப்பிப் படுக்கவைத்தார்.

"உங்களுக்கு ஊரச் சுத்திக் காட்டோணும்னு இருந்தேன். ஆஸ்பத்திரியச் சுத்திக் காட்டிப்போட்டேன்," என்றார்.

"நல்லா சுத்தினோம். டிக்கட் இல்லாம பஸ், இலவசமா ஆம்புலன்ஸ்," என்றார் குணா.

"கிரைண்டரப் பெட்டியில வெக்கறப்ப கல்லத் தனியாக் கட்டச் சொல்லணும். பட்டறைக்குப் போன் போட்டு..."

"பேச வேண்டாமுங்க," என்றார் சரஸ்வதி. அவர் மடியில் மூடி வைத்த தட்டு இருந்தது. நர்ஸ் பார்த்துவிட்டுச் சொன்னால்தான் சாப்பிடக் கொடுக்கலாமாம்.

நர்ஸ் வந்தார். நாடி பார்த்தார், கட்டைத் தொட்டுப் பார்த்தார், கட்டிலின் முனையில் தொங்கிய அட்டையில் எழுதினார்.

"இனிச் சாப்பிடலாமுங்க. வலி ஏதாச்சும் இருக்குதுங்களா அய்யா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்றார் நாச்சிமுத்து உடனே.

சரஸ்வதி தட்டைத் திறக்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாச்சிமுத்து மின்விசிறியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார், விருந்தாளிகள் முன்னால் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்பது போல. நர்ஸ் பேனாவை மூடிவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்.

"ஏனுங்க அம்மணி," என்று கூப்பிட்டார் நாச்சிமுத்து.

நர்ஸ் நின்றார்.

"மணிக்கட்டுல கொஞ்சம் வலிக்குதுங்க. பொறவு முதுகும், ஒரே பக்கமாப் படுத்ததுல."

"நெஞ்சுலீங்க?"

கையை நெஞ்சில் வைத்துப் பொறுமையாக யோசித்தார். "இல்லீங்க. நெசமா இல்லீங்க."

"வேற ஏதாச்சுமுங்க?"

"பசிக்குதுங்க," என்றார்.

சரஸ்வதி தட்டைத் திறந்தார்.